உறைபனியில் வியர்த்தவள்

வணக்கம் அக்கா. எங்கள் ஊர் கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டம். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 47 வயது. ஆறு மாதமாகப் பாதி நாள் கொழுந்து எடுக்கப் போவதில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறார். ராத்திரி தூக்கமில்லை. "எனக்கு என்ன குறை, ஏன் அழறேன்?" என்று என்னையே கேட்கிறார். பாட்டியோ, "தீட்டு நிக்கிற வயசு, எல்லாருக்கும் வர்றதுதான்" என்கிறார். விட்டுவிடலாமா?
— ஒரு மகள்

அன்புள்ள தங்கைக்கு,

விட்டுவிடாதே. பாட்டி சொன்னதில் பாதிதான் சரி. மாதவிலக்கு நிற்பது எல்லாருக்கும் வரும். மாதக்கணக்கான அழுகையும் வேலைக்குப் போகமுடியாத சோர்வும் எல்லாருக்கும் வராது. இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு.

என் அக்காவுக்கும் இந்த வயதில்தான் வந்தது. ஊட்டியில் ஜனவரி மாதம், வெளியே புல்லெல்லாம் உறைபனி. நடுராத்திரியில் ஸ்வெட்டரைக் கழற்றி வீசிவிட்டு ஜன்னலைத் திறந்து நிற்பாள். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் குளிரில் பல் கிட்டிப்போய் போர்வைக்குள் சுருண்டுகொள்வாள். நாங்கள் சிரித்தோம். அடுத்த வருடம் அவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள். கூட்டிப்போன இடத்தில் சத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். மனசு எப்படி இருக்கிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாதவிலக்கு நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் தாறுமாறாக ஏறி இறங்கும். மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனத்தையும் அது பாதிக்கும். என் அக்காவுக்கு வந்த மாதிரி ராத்திரி வியர்வை தூக்கத்தையும் கெடுத்தால் மனம் எங்கே தாங்கும்?

லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போ. அம்மாவை மருத்துவரிடம் நீயே கூட்டிப்போ. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே சோர்வைத் தரும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை. பிறகு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால், பலன் தெரியச் சில வாரம் ஆகும்; பாதியில் நிறுத்தவிடாதே. ஹார்மோன் சிகிச்சை எல்லாருக்கும் ஒத்துவராது, அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இன்றிரவே போனில் ஒன்று கேள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமென்றால் தனியே விடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்: இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

உன்னைப் பெற்ற பிறகும் அம்மா இப்படி அழுதாரா என்று பாட்டியிடம் கேள். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்தவர்களுக்கு இப்போதும் வரும் வாய்ப்பு அதிகம். மருத்துவருக்கு அது தெரியவேண்டும். பாட்டி என்ன சொன்னார் என்று எழுது.