வெடித்த டயர் இப்போது எங்கே?

கேள்வி: மலேசியாவின் நிபோங் திபாலில் கல்யாணம், காதுகுத்துக்குச் சமைத்துக் கொடுக்கும் சிறு தொழில் செய்கிறேன். நான்கு கதவு பிக்கப் ஒன்று இருக்கிறது; வீட்டுக்கும் அதுதான், வேலைக்கும் அதுதான். 2024 நவம்பரில் ஒரு கடையில் நான்கு புது டயர் போட்டேன், மொத்தம் 2,600 வெள்ளி (ரிங்கிட்). 2025 ஜூனில் பட்டர்வொர்த்துக்குச் சாமான் ஏற்றிப் போகையில், ஜூரு டோல் சாவடிக்கு முன்னால் பின்பக்க இடது டயர் வெடித்து, வண்டி இரும்புத் தடுப்பில் மோதியது. பழுதுபார்க்க 6,800 வெள்ளி. கூட வந்த மைத்துனருக்குத் தோளில் அடி. கடைக்காரர் "லோடு அதிகம், காற்று குறைவு" என்று கைகழுவிவிட்டார். ரசீதில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று வேறு அச்சடித்திருக்கிறது. கம்பெனிக்கு அனுப்புவதாகச் சொல்லி டயரையும் வாங்கி வைத்துக்கொண்டார். படம் மட்டும் என்னிடம் உண்டு. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ரசீதில் உள்ள வாசகம் இல்லை, டயர் கடைக்காரரிடம் இருப்பதுதான். இந்த வழக்கில் முதல் சாட்சி அந்த டயர். இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள்: டயர் உங்கள் சொத்து, அதை வெட்டவோ வீசவோ கூடாது, இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், ஏற்கெனவே அனுப்பிவிட்டால் யாருக்கு, எப்போது அனுப்பினார் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். பதிவுத் தபாலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் அதன் படம் ஒன்று. அவர் பதில் சொல்லாவிட்டால் அந்த மௌனமும் பிறகு உங்களுக்கு உதவும்.

டயர் ஏன் அவ்வளவு முக்கியம்? வெடித்த டயர் தன் கதையைத் தானே சொல்லும். காற்று குறைவாக வெகுதூரம் ஓடியிருந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி, உள்பக்க ரப்பர் வட்டமாகத் தேய்ந்து தூளாக உதிர்ந்திருக்கும். குழியிலோ கல்லிலோ பலமாக அடிபட்டிருந்தால் உள்ளே நூல் அறுந்து, பல சமயம் எக்ஸ் வடிவில் கிழிசல் தெரியும். அந்த அடி என்றைக்கோ பட்டதாக இருக்கலாம். வெடிப்பது வாரங்கள் கழித்துக்கூட நடக்கும். பஞ்சர் ஒட்டிய இடத்திலிருந்து பிளந்திருந்தால் கேள்வி ஒட்டியவர் பக்கம் போகும். காற்றும் எடையும் சரியாக இருந்தும், அடிபட்ட தடமோ ஒட்டு போட்ட இடமோ இல்லாமல், தரையைத் தொடும் பட்டை மட்டும் உள்ளிருக்கும் கம்பிப் பட்டையிலிருந்து தோலுரிந்த மாதிரி கழன்று வந்திருந்தால், தயாரிப்பில் பிழை என்ற சந்தேகம் வலுக்கும். உங்கள் படத்தில் பட்டை பாதி கழன்றிருப்பது தெரிகிறது. ஆனால் அதிகச் சூட்டிலும் பட்டை கழலும் என்பதால், படத்தை மட்டும் வைத்து நான் தீர்ப்பு எழுத மாட்டேன். உள்பக்கத்தைப் பார்த்தாக வேண்டும். டயர் கைக்கு வந்ததும் விபத்து வண்டிகளை ஆய்வு செய்யும் ஓர் அட்ஜஸ்டரிடம் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். நமக்குத் தெரிந்த போமன் (மெக்கானிக்) வாயால் சொல்வது போதாது.

அதே படத்தில் இன்னொன்றைக் கவனித்தேன். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் 1820 என்று நான்கு இலக்கம். 2020-ஆம் ஆண்டு 18-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். அதாவது "புது டயர்" என்று உங்களுக்கு மாட்டியபோதே அதற்கு நாலரை வயது. வயதை மட்டும் காட்டி டயர் குறையுள்ளது என்று நிரூபித்துவிட முடியாது, நன்றாகப் பாதுகாத்த சரக்காக இருக்கலாம். ஆனாலும் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்று சட்டமே உத்தரவாதம் தருகிறது (பிரிவு 32). உற்பத்தித் தேதியைச் சொல்லி விற்றாரா, விலையைக் குறைத்தாரா என்று நிச்சயம் கேட்கலாம்.

ரசீதில் அச்சடித்த வரிக்குப் பயப்பட வேண்டாம். அந்தச் சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தம் போட்டுக்கூடப் பறிக்க முடியாது.

அப்புறம் "லோடு அதிகம்" என்ற வாதம். ஒரு நியாயமான பயனீட்டாளர் பயன்படுத்தாத விதத்தில் பயன்படுத்திப் பொருள் கெட்டால் விற்றவர் பொறுப்பில்லை என்று சட்டமும் சொல்வதால், இதை அலட்சியம் செய்யக் கூடாது. உங்கள் டயரில் சுமை எண் 112 என்று இருக்கிறது. ஒரு டயர் 1,120 கிலோ வரை தாங்கும் என்பது அதன் கணக்கு, அதுவும் தேவையான காற்று இருந்தால். பிக்கப்புக்கு உரிய காற்றளவும் எடை வரம்பும் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளிலும் கையேட்டிலும் இருக்கும். அன்று ஏற்றியது என்னென்ன? அரிசி எத்தனை மூட்டை, கேஸ் தோம்பு (சிலிண்டர்) எத்தனை, அண்டா எத்தனை? மளிகை ரசீதைத் தேடி எடுத்து, ஆட்களின் எடையையும் சேர்த்து ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். வரம்புக்குள் இருந்தால் அவர் வாதம் பாதி விழுந்துவிடும். மீறியிருந்தால் அதை இப்போதே என்னிடம் சொல்லிவிடுங்கள்.

காற்றை எப்போது பார்த்தீர்கள் என்பதும் வரும். 1950-இல் இங்கிலாந்தின் அன்றைய உச்ச மன்றமான பிரபுக்கள் சபை, பார்க்வே என்பவரின் மனைவி தொடுத்த வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. சவுத் வேல்ஸ் டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் பஸ் டயர் வெடித்துக் கவிழ்ந்ததில் பார்க்வே இறந்துபோனார். "டயர் வெடித்தது, நாங்கள் என்ன செய்வது" என்ற கம்பெனியின் பதில் எடுபடவில்லை. பலமாக அடிபட்டால் டயர் உள்ளே உடையும், அப்படி அடிபட்டதை ஓட்டுநர் தெரிவிக்கும் ஏற்பாட்டைக் கம்பெனி வைக்கவில்லை, ஆகவே அதுதான் பொறுப்பு என்றார்கள். டயர் வழக்கு வந்தால் நம் ஊர் வழக்கறிஞர்களும் இந்தத் தீர்ப்பைத்தான் தேடி எடுப்பார்கள். அது உங்களையும் கடிக்கும்: டயரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன் என்று நீங்களும் காட்ட வேண்டும். கடைசியாக அலைன்மெண்ட் செய்த பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

சரி, எங்கே போவது? பயனீட்டாளர் நடுவர் மன்றம்தான் என் முதல் தேர்வு. 50,000 வெள்ளி வரை கோரலாம், கோரிக்கையை எழுதித் தரும் முதலாம் பாரத்துக்கு (படிவம்) கட்டணம் 5 வெள்ளி, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். அந்தக் காலத்தை டயர் வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், வம்பில்லை. அங்கே பொதுவாக வழக்கறிஞர் வாதாட முடியாது, அதனால் எனக்கு அங்கே வருமானமும் இல்லை. டயர் பணத்தோடு, அந்தக் குறையால் வரும் என்று எதிர்பார்க்கக்கூடிய நட்டத்தையும், அதாவது 6,800 வெள்ளியையும், விற்றவரிடம் கேட்கலாம்.

ஒரு தடை வரும். நீங்கள் தொழில் செய்பவர், பயனீட்டாளரே இல்லை என்பார் கடைக்காரர். சட்டம் பார்ப்பது முக்கியமாகப் பொருளின் வகையை: சாதாரணமாகச் சொந்த, வீட்டுத் தேவைக்கு வாங்கப்படும் வகையா என்று. திரும்ப விற்க வாங்கியிருந்தால் சிக்கல். நான்கு கதவு பிக்கப்பின் டயர் அந்த வகையில் அடங்கும் என்பது என் கருத்து. ரசீது உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் இன்னும் நல்லது. மன்றம் ஏற்காவிட்டால் 1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போகலாம். அங்கே சிறு கோரிக்கை நடைமுறை 5,000 வெள்ளி வரைக்கும்தான், உங்கள் தொகை அதைத் தாண்டுகிறது.

மைத்துனரின் தோள் வேறு விஷயம். உடல் காயத்துக்கு நடுவர் மன்றம் நட்டஈடு தராது. அவர் தனியாக நீதிமன்றம் போக வேண்டும். டயர் குறையுள்ளது என்று நிரூபணமானால் தயாரித்தவர் மட்டுமல்ல, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தவரும் கவனக்குறைவு இருந்ததா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல் பொறுப்பாவார் (பிரிவு 68). ஓட்டியவர் என்ற முறையில் உங்கள் மீதும் அவர் வழக்குப் போடலாம். அதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

காப்புறுதியில் கோருவதற்கு முன் பாலிசியில் பயன்பாட்டு நிபந்தனையைப் படியுங்கள். சொந்தப் பயனுக்கு மட்டும் என்று எடுத்துவிட்டுக் கேட்டரிங் சாமான் ஏற்றினால் தகராறு வரும். கோரினால் என்சிடி சலுகையும் (கோராதவர்களுக்குக் கட்டணத்தில் தரும் கழிவு) போகும். காப்புறுதியில் வாங்கிய பணத்தை மறுபடி கடைக்காரரிடமும் வாங்கி நீங்களே வைத்துக்கொள்ள முடியாது.

கடைசியாக, மற்ற மூன்று டயர். அவையும் அதே நாள் போட்டவைதானே? இன்று மாலையே அவற்றின் இலக்கங்களைப் படம் எடுங்கள். அவற்றிலும் 1820 இருந்தால், தொடர்ந்து ஓட்டுவது ஆபத்து; வழக்கிலும் "உங்களுக்கே அந்த டயர் மேல் நம்பிக்கை இருந்ததே" என்று கேட்பார்கள். வேறு கடையில் மாற்றுங்கள். மாற்றும்போது பழைய மூன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வராமல் பிக்கப்பில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.