லூப் ஒரு வேகம், பாட்டு ஒரு வேகம்: சாம்பிளர் கேள்வி-பதில்

சாம்பிளரில் (ஒலியைப் பதிந்து திரும்ப வாசிக்கும் கருவியில்) டெம்போ, அதாவது தாள வேகம், மாற்றுவது பற்றிய கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். பலரும் முதலில் தேடுவது, சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றும் டைம் ஸ்ட்ரெட்ச் எங்கே இருக்கிறது என்பதைத்தான். என்னைக் கேட்டால், அது கடைசியாகப் போக வேண்டிய இடம். பிட்ச்சை (சுருதியை) மாற்றுவதிலும் லூப்பை அடி அடியாகத் துண்டு போடுவதிலுமே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும், சத்தமும் கெடாது.

கேள்வி: என்னிடம் உள்ள லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித் துண்டு) 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 அடி. பாட்டு 100. பிட்ச்சை ஏற்றவா, ஸ்ட்ரெட்ச் செய்யவா?

லூப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெறும் டிரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிட்ச்சை ஏற்றுங்கள். வேகமும் சுருதியும் சேர்ந்தே ஏறும். ஆனால் ஒலியை நறுக்கி ஒட்டுகிற வேலை எதுவும் நடக்காததால் கிக் டிரம்மின் அடி முழுசாக இருக்கும். ஸ்னேர் டிரம் கொஞ்சம் இறுக்கமாகக் கேட்கும். பல நேரம் அதுவே நன்றாகவும் இருக்கும்.

பியானோவோ பேஸோ இருந்தால் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு செமிடோன் (கீபோர்டில் அடுத்த கட்டை வரை உள்ள சுருதி இடைவெளி) ஏற்றினால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடும். 90-ஐ 100 ஆக்க 1.82 செமிடோன் தேவை. இப்படி இடையில் போய் நின்றால் அதன் மேல் நீங்கள் வாசிக்கிற எந்தக் கீபோர்டும் சுருதி சேராது. அதற்குப் பதில் சரியாக 2 செமிடோன் ஏற்றுங்கள், லூப் 101.02-க்கு வரும். பாட்டின் டெம்போவை 101 என்று வைத்துவிட்டால் வேகமும் பொருந்தும், சுருதியும் பொருந்தும். 100-க்கும் 101-க்கும் கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. பாட்டின் டெம்போ இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது என்றால், லூப்பை வளைப்பதைவிட டெம்போவைக் கொஞ்சம் நகர்த்துவது எப்போதும் நல்லது.

கேள்வி: மெஷின் லூப்பின் டெம்போவை 172 என்று காட்டுகிறது. காதுக்கு அவ்வளவு வேகமாக இல்லையே?

86 ஆக இருக்கும். தானாகக் கண்டுபிடிக்கிற மெஷின்கள் பாதியையும் இரட்டிப்பையும் அடிக்கடி குழப்பிக்கொள்ளும். அதை நம்பாமல் நீங்களே கணக்குப் போடுங்கள்: அடிகளின் எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி, லூப்பின் நீளத்தால், அதாவது விநாடிகளால் வகுக்க வேண்டும். தலா நாலு அடி கொண்ட இரண்டு பார் (தாளச் சுற்று) என்றால் 8 அடி. நீளம் 5.217 விநாடி என்றால் 480-ஐ அதால் வகுக்க 92 வரும்.

இதெல்லாம் லூப்பைச் சரியாக வெட்டியிருந்தால்தான். தொடக்கம் முதல் கிக் எழும்புகிற இடத்தில் இருக்க வேண்டும். முடிவு, அடுத்த கிக் தொடங்குவதற்குச் சற்று முன்னால். கடைசியில் 20 மில்லி விநாடி கூடுதலாக விட்டுவிட்டால் அதே லூப் 91.65 என்று கணக்காகும். அப்புறம் எந்த முறையில் டெம்போவை மாற்றினாலும் அந்தத் தவறு கூடவே வரும். வெட்டுகிற இடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அலை நடுக்கோட்டைத் தொடும் புள்ளியில் வையுங்கள், 'டிக்' சத்தமும் வராது.

கேள்வி: ஸ்ட்ரெட்ச் செய்தால் ஸ்னேர் இரண்டு முறை அடிப்பதுபோல் கேட்கிறது. செட்டிங் தவறா?

செட்டிங்கில் கொஞ்சம் சரிசெய்யலாம், ஆனால் அது அந்த முறையோடு பிறந்த குணம். மெஷின் ஒலியைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக நறுக்குகிறது. நீளமாக்க வேண்டும் என்றால் சில துணுக்குகளைத் திரும்ப வாசிக்கும், சுருக்க வேண்டும் என்றால் சிலவற்றை விட்டுவிடும். ஸ்னேரின் கூர்மையான தொடக்கம் ஒரு துணுக்கில் மாட்டி, அந்தத் துணுக்கு இரண்டு தடவை ஒலித்தால் அடியும் இரண்டாகக் கேட்கும். வேகம் கூட்டுவதைவிடக் குறைக்கும்போது இது அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

டிரம்முக்கென்று தனி மோடு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். எலெக்ட்ரான் ஆக்டாட்ராக் சாம்பிளரில் அதற்குப் பெயர் 'பீட்'. அது அடிகளின் தொடக்கத்தைக் காப்பாற்றப் பார்க்கும். என் காதுக்கு டிரம்மில் 5 சதவீத வேக மாற்றம் வரை தாங்கும், நீளமாக இழுக்கிற பேட் ஒலிகளில் அதைவிட நிறையத் தாங்கும். ஏற்கெனவே ஸ்ட்ரெட்ச் செய்து சேமித்ததை மறுபடி ஸ்ட்ரெட்ச் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் அசல் கோப்பிலிருந்தே தொடங்குங்கள்.

ஸ்ட்ரெட்ச்சில் எழும் உலோகச் சத்தத்தையே விரும்பித் தேடுகிறவர்களும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஜங்கிள் என்ற வேகமான நடன இசைக்காரர்கள் அகாய் எஸ்1000 சாம்பிளரில் குரலையும் டிரம்மையும் பல மடங்கு இழுத்து, அந்த ரம்பம் அறுப்பது போன்ற ஒலியைத் தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்கள். வேண்டுமென்றே செய்வதானால் கொஞ்சமாகச் செய்யாதீர்கள், இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: 92 பிபிஎம் டிரம் லூப்பைத் துண்டு போட்டு 80-இல் வாசிக்கிறேன். துண்டுகளுக்கு நடுவே ஓட்டை விழுகிறது.

விழத்தான் செய்யும். 92-இல் அரை அடியின் நீளம் 326 மில்லி விநாடி. 80-இல் அது 375. துண்டு பழைய நீளத்தில் முடிந்துபோக, மிச்சம் 49 மில்லி விநாடிக்கு மயான அமைதி. டிரம் அறையின் எதிரொலியும் சிம்பலின் வாலும் பட்டென்று அறுபடுவதால் ஓட்டை காதில் குத்துகிறது.

முதல் வழி, எல்லாத் துண்டுகளையும் சேர்த்து 2 செமிடோன் இறக்குவது. 326 இப்போது 366 ஆகிவிடும். ஓட்டை 9 மில்லி விநாடிக்குச் சுருங்கிவிட்டது. அதை மறைக்கக் குட்டியாக ஒரு ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போதும். டிரம் கொஞ்சம் கனமாகக் கேட்கும். மெதுவான பாட்டுக்கு அது பொருத்தமும்கூட. துண்டு போடுவதும் பிட்ச்சும் சேர்ந்த இந்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

சுருதியைத் தொடக்கூடாது என்றால் இரண்டாவது வழி: துண்டின் கடைசிப் பகுதியை மட்டும் முன்னும் பின்னுமாக லூப் செய்து, கூடவே ஒலியளவை மெல்ல இறக்குங்கள். அடி விழுகிற இடத்தைத் தொடாமல் வாலை மட்டும் நீட்டுகிறீர்கள். லூப் முழுக்க மொத்தமாக ரிவெர்ப் பூசி ஓட்டையை மறைக்கச் சிலர் சொல்வார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. கிக் சேற்றில் விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது.

வேகம் கூட்டும்போது பிரச்சினை தலைகீழ். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எல்லாவற்றையும் ஒரே மியூட் குரூப்பில் போட்டுவிட்டால் அடுத்தது வரும்போது முந்தையது நின்றுவிடும்.

இன்னொன்று. துண்டு போட்டதும் எல்லாவற்றையும் 16-இல் ஒரு பங்குக் கட்டங்களில் குவாண்டைஸ் செய்துவிடாதீர்கள், அதாவது கட்டத்தோடு அச்சாகப் பொருத்திவிடாதீர்கள். அந்த டிரம்மர் ஹை-ஹாட் சிம்பலைக் கட்டத்துக்குச் சற்றுப் பின்னால் அடித்திருப்பார். லூப் உங்களைப் பிடித்து இழுத்ததே அதனால்தான். துண்டுகள் இருந்த இடத்தை அப்படியே பேட்டர்னாக (வாசிப்பு வரிசையாக) மாற்றித் தரும் வசதி மெஷினில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். புது டெம்போவிலும் அந்தத் தாமதம் அதே விகிதத்தில் நிற்கும்.

கேள்வி: நிமிடத்துக்கு 33 சுழற்சி ஓடும் இசைத்தட்டை 45-இல் ஓட்டிச் சாம்பிள் எடுத்தார்களாமே, ஏன்?

இடம் போதாமல்தான். 1987-இல் வந்த ஈ-மு எஸ்பி-1200 சாம்பிளரில் மொத்தமே 10 விநாடி அளவுக்குத்தான் சாம்பிள் எடுக்கலாம், ஒரு சாம்பிளுக்கு அதிகபட்சம் 2.5 விநாடி. 90 பிபிஎம்மில் ஒரு பார் 2.67 விநாடி, உள்ளே போகாது. 45-இல் ஓட்டினால் 1.98 விநாடியில் அடங்கிவிடும். அப்புறம் மெஷினில் ஏறக்குறைய 5.2 செமிடோன் இறக்கினால் பழைய வேகமும் சுருதியும் திரும்பிவிடும். துல்லியம் குறைந்த 12 பிட் மெஷினில் அப்படி இறக்கும்போது ஒரு மணல் கரகரப்பு ஏறும். இடத்துக்காகச் செய்தது, பின்னால் அந்த ஒலிக்காகவே செய்யப்பட்டது. இன்றைய மெஷினில் நினைவக நெருக்கடி இல்லை, கரகரப்பு வேண்டுமானால் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: டெம்போவை நான் தொடவே இல்லை. ஆனால் கணினியிலிருந்து ஏற்றிய லூப் கொஞ்சம் வேகமாகவும் சுருதி ஏறியும் கேட்கிறது.

சாம்பிள் ரேட்டை, அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் உள்ள கோப்பை மெஷின் 48 என்று எடுத்துக்கொண்டு வாசித்தால் 100 பிபிஎம் லூப் 108.8 ஆகிவிடும், சுருதி ஒன்றரை செமிடோன் ஏறும். மறுதிசையில் போனால் 91.9. கோப்பை மெஷினின் ரேட்டுக்கு மாற்றி மறுபடி ஏற்றுங்கள்.

கேள்வி: குரல் சாம்பிளை என்ன செய்வது? பாட்டு 100, குரல் 97.

3 சதவீதம்தான். நான் டெம்போவை மாற்றவே மாட்டேன். பாடுபவர் மூச்சு எடுக்கும் இடங்களில் வெட்டி, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தையும் அதற்குரிய அடியில் வையுங்கள். ஒரு விநாடித் துண்டு என்றால் முடிவில் 30 மில்லி விநாடிதான் பின்தங்கும். அது சாவகாசமாகப் பாடியதுபோலத்தான் கேட்கும். 10 சதவீதம் அளவுக்கு வித்தியாசம் இருந்தால் ஸ்ட்ரெட்ச்சுக்குப் போங்கள். குரலைப் பிட்ச்சால் ஏற்றினால் தொண்டையின் அளவே சுருங்கியதுபோல் ஆகி, பெரியவர் குரல் குழந்தைக் குரலாகிவிடும். துண்டை வெட்டும்போது சொல்லுக்கு முந்தைய மூச்சுச் சத்தத்தையும் சேர்த்து எடுங்கள், ஆனால் அடியில் உட்கார வேண்டியது சொல்லின் முதல் உயிரெழுத்து, மூச்சு அல்ல.