செருப்பை ஓங்குவதற்குள் கரப்பான் ஓடிவிடுவது எப்படி? – கேள்வி பதில்

பூச்சிகள் எதிரியை எப்படி அறிகின்றன, எப்படித் தப்புகின்றன என்று கேட்க அழைத்திருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கரப்பானைப் பற்றியவை. விலங்கியல் படித்த நாளிலிருந்து எனக்கும் அதன்மீது தனி மதிப்பு உண்டு. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: ஐயா, கரப்பானுக்குப் பின்னால் நின்று செருப்பை ஓங்கினாலும் அடி விழுவதற்குள் ஓடிவிடுகிறது. முதுகிலும் கண் இருக்கிறதா?

பதில்: கண் இல்லை, காற்றை உணரும் மயிர்கள் இருக்கின்றன. வயிற்றின் பின்நுனியில் இரண்டு குட்டிக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்குச் செர்சி என்று பெயர். வளர்ந்த அமெரிக்கக் கரப்பானில் ஒவ்வொரு கொம்பின் அடிப்பக்கத்திலும் ஏறத்தாழ 220 மெல்லிய மயிர்கள் உண்டு. ஒவ்வொரு மயிரும் ஒரு குறிப்பிட்ட திசையில்தான் எளிதாகச் சாயும். எந்த மயிர்கள் சாய்ந்தன என்பதிலிருந்தே காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

உங்கள் செருப்பு தனக்கு முன்னால் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. விநாடிக்கு 12 மில்லிமீட்டர் வேகமுள்ள காற்று திடீரென்று பட்டாலே போதும், கரப்பான் ஓடத் தொடங்கும். காற்று பட்டு, உடல் திரும்பத் தொடங்க 40 முதல் 60 மில்லி விநாடிதான் ஆகிறது.

இந்த ஏற்பாடு செருப்புக்காக வந்ததன்று. 1970களில் ஜெஃப்ரி காம்ஹியும் உடன் ஆய்வு செய்தவர்களும் தேரைகளையும் கரப்பான்களையும் ஒன்றாக விட்டுப் படம்பிடித்தார்கள். தேரை பாயும்போது அதன் உடல் தள்ளிய காற்றை உணர்ந்து, நாக்கு வாயை விட்டு வெளிவருவதற்கு முன்பே கரப்பான் திரும்பத் தொடங்கியிருந்தது. செர்சியை மூடிவிட்டபோது தேரைக்கு இரை எளிதாகக் கிடைத்தது.

கேள்வி: அப்படியானால் மின்விசிறிக் காற்றில் அது ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே?

பதில்: மிக நல்ல கேள்வி. கரப்பான் காற்றின் வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்த வேகம் எவ்வளவு சடுதியில் கூடுகிறது என்பதையும் பார்க்கிறது. சீராக வீசும் காற்றில் அந்தத் திடீர் ஏற்றம் இல்லை. பாயும் தேரையின் காற்றில் இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் ஓடுகிறது. குருட்டாம்போக்கா?

பதில்: இல்லை. 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. ஆபத்து வரும் திசையிலிருந்து 90, 120, 150, 180 பாகைகளை ஒட்டிய சில பாதைகளையே கரப்பான் பெரும்பாலும் எடுக்கிறது. அவற்றுள் இம்முறை எது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. எப்போதும் நேர் எதிர்த்திசையிலேயே ஓடினால் எதிரி அதைப் பழகிக்கொள்வானே! இத்தனை அழகான தீர்வை ஒரு பூச்சியிடம் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

கேள்வி: இவ்வளவு வேகம் என்றால் மூளைக்கு வேலையே இல்லையா?

பதில்: செர்சியின் செய்தி வயிற்று நுனியில் உள்ள நரம்பு முடிச்சிலிருந்து தடித்த நரம்பிழைகள் வழியே நேராக மார்புக்குப் போய்க் கால்களை இயக்குகிறது. மூளையின் உத்தரவுக்கு அது காத்திருப்பதில்லை. ஆனால் மூளை தேவையில்லை என்று சொல்லிவிடாதீர்கள். மரகதக் குளவி என்றொரு குளவி உண்டு. நம் நாட்டிலும் இருக்கிறது. பச்சையும் நீலமுமாக மின்னும், தொடைகள் சிவப்பு. அது முதலில் கரப்பானின் மார்பில் கொட்டும். அடுத்து கழுத்து வழியே கொடுக்கைச் செலுத்தி மூளையிலேயே நஞ்சைச் செலுத்தும். அதன் பிறகு கரப்பானால் நடக்க முடியும், ஆனால் காற்று பட்டாலும் ஓடாது. குளவி அதன் உணர்கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வளையில் வைத்து, காலில் முட்டையிடும். ஓடும் கருவி பழுதாகவில்லை. ஓட வேண்டும் என்ற முனைப்புதான் போய்விடுகிறது.

கேள்வி: ஈயை அடிக்க ஏதாவது வழி?

பதில்: ஈ காற்றைவிடக் கண்ணையே அதிகம் நம்புகிறது. பழ ஈக்களை மிக வேகமான கேமராவில் படம்பிடித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், அவை பறப்பதற்குச் சுமார் 200 மில்லி விநாடிக்கு முன்பே கால்களை இடம் மாற்றி, எதிர்ப்பக்கம் துள்ள ஆயத்தமாவது தெரிந்தது. ஆகவே ஈ இருக்கும் இடத்தை அடிக்காதீர்கள். அது துள்ளப்போகும் பக்கம் சற்றுத் தள்ளிக் குறிவையுங்கள்.

கேள்வி: விளக்கைச் சுற்றும் அந்துப்பூச்சிக்கு அருகில் சாவிக்கொத்தை ஆட்டினால் பொத்தென்று விழுகிறதே, ஏன்?

பதில்: சாவிகள் உரசும்போது நமக்குக் கேட்காத மிகையொலியும் பிறக்கிறது. அந்துப்பூச்சிக்கு அது வௌவாலின் குரல். பல அந்துப்பூச்சிகளின் காதில் ஒலியை அறிய இரண்டே நரம்புச் செல்கள்தான். கென்னத் ரோடரும் ஆஷர் ட்ரீட்டும் செய்த ஆய்வுகளில் தெரிந்தது இது: வௌவால் தொலைவில் இருந்தால் பூச்சி விலகிப் பறக்கும்; அருகில் வந்துவிட்டால் சுழன்றோ இறக்கையை மடக்கியோ கீழே விழும். கும்பிடுபூச்சிகள் பலவற்றுக்கும் வௌவாலைக் கேட்கும் காது உண்டு. ஒரே காது, அதுவும் நெஞ்சின் நடுவில்!

கேள்வி: ஆடு மேயும் செடியில் உள்ள அசுவினிகள் (செடிச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகள்) இலையோடு சேர்ந்து ஆட்டின் வாய்க்குள் போய்விடுமா?

பதில்: பெரும்பாலும் போவதில்லை. இஸ்ரேலில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், குதிரைமசால் செடியை ஆடு மேய வந்தபோது அசுவினிகளில் பாதிக்கு மேல் தரையில் உதிர்ந்தன. ஆட்டு மூச்சின் வெப்பமும் ஈரமும் சேர்ந்து படுவதே அவற்றுக்கு எச்சரிக்கை. நம் மூச்சும் அப்படியே. செடிக்கு அருகில் குனிந்து மெல்ல ஊதிப் பாருங்கள்.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவி): குட்டிக் கரப்பானுக்கும் 220 மயிர்கள் இருக்குமா?

பதில்: இல்லையம்மா. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு, ஆக மொத்தம் நான்கே மயிர்கள். ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் கூடுதலாக முளைக்கும். ஆனால் அந்த நான்கை வைத்தே காற்று வரும் திசையை அறிந்து அதுவும் சரியான பக்கம் திரும்பி ஓடிவிடுகிறது.