கராஜை அம்மாவுக்கு அறையாக மாற்ற 20,000 வெள்ளி கடன் வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் ஓரத்து வீட்டில் குடியிருக்கிறோம். மாடி இல்லாத வீடு, மூன்று அறைகள். கணவர் லாரி ஓட்டுகிறார், நான் பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறேன். மகள் படிவம் 5, அவளுக்குக் கீழே இரண்டு பையன்கள். என் அம்மாவுக்கு 67 வயது. பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். இப்போது தோட்டத்து லயத்தில் தம்பியோடு இருக்கிறார். தம்பி தோட்ட வேலையை விட்டு ஈப்போவுக்குப் போகிறான், எட்டு மாதத்தில் வீட்டை நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். அம்மாவை நான் அழைத்துக்கொள்ளப் போகிறேன். அவருக்கு முட்டி வலி, இரவில் பலமுறை எழுவார்.

வீட்டுப் பக்கவாட்டில் 10 அடிக்கு 20 அடியில் தகரக் கூரை போட்ட கராஜ் இருக்கிறது. முன்பு இருந்தவர் கட்டியது. அதைக் குளியலறையோடு கூடிய அறையாக மாற்ற ஒரு குத்தகையாளர் 32,000 வெள்ளி கேட்கிறார். "பெர்மிட் எல்லாம் வேண்டாம், இந்த வரிசையில் எல்லாரும் கட்டியிருக்காங்க" என்கிறார். எங்களிடம் வைப்புத்தொகை 18,000 வெள்ளி இருக்கிறது. மாதம் 450 மிஞ்சும். கணவரின் சேமநிதியில் ஃபிளெக்ஸிபல் கணக்கில் 4,200 இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு 6 விழுக்காட்டில் 20,000 வெள்ளி கடன் தருவதாக ஓர் இடத்தில் சொல்கிறார்கள். என் சங்கிலியை அடகு வைத்தால் 8,000 கிடைக்கும். அம்மா தன் 15,000 வெள்ளியையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வீட்டுக்கடன் இன்னும் முடியவில்லை. குத்தகையாளரின் விலைப்பட்டியலை இதோடு அனுப்பியிருக்கிறேன். பின்னாளில் அந்த அறையை வாடகைக்கு விடலாம் என்றும் நினைக்கிறோம். கிள்ளானில் எனக்கு ஓர் அண்ணனும் இருக்கிறார். எதை எடுப்பது?

பதில்: சகோதரி, எதை எடுப்பது என்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அனுமதி இல்லாமல் கட்டிய அறை, ஒரே ஒரு கடிதத்தில் போய்விடக்கூடிய அறை. கடன் வாங்கிக் கட்டியிருந்தால் அறை போன பிறகும் தவணை நிற்காது. அதனால் முதலில் பிளான், பிறகுதான் பணம்.

நீங்கள் போக வேண்டிய இடம் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கட்டடப் பிரிவு. உங்கள் வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பிளானின் நகலைக் கேளுங்கள். அந்தக் கராஜ் பிளானில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு இருந்தவர் கட்டியது என்கிறீர்கள், அவர் அனுமதி வாங்கினாரா என்பது கடிதத்தில் இல்லை. வாங்கவில்லை என்றால், அனுமதி இல்லாத கூரைக்குக் கீழே இன்னொரு அனுமதி இல்லாத அறையைக் கட்டியதாகிவிடும். ஓரத்து வீடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்துச் சாலையிலிருந்து இவ்வளவு தூரம் விட்டுத்தான் சுவர் எழுப்பலாம் என்று கட்டடக் கோடு இருக்கும். காருக்குத் திறந்த கூரை போட அனுமதித்த இடத்தில் நான்கு பக்கமும் சுவர் எழுப்ப அனுமதிக்காமல் போகலாம். இதை அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு காலை நேரம் போதும். அதைச் செய்யாமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

குத்தகையாளர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், அந்த வரிசையில் எல்லாரும் கட்டியிருக்கலாம். ஆனால் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் கட்டுவதைக் குற்றமாகத்தான் பார்க்கிறது. அபராதம் போடலாம், இடிக்கவும் உத்தரவிடலாம். கடிதம் வரும்போது அது வீட்டு உரிமையாளர் பெயருக்குத்தான் வரும், குத்தகையாளர் பெயருக்கு வராது. வீடு இன்னும் வங்கியிடம் அடமானத்தில் இருப்பதால் கடன் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். வீட்டை மாற்றிக் கட்ட வங்கியின் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும். நாளை வீட்டை விற்க நேர்ந்தால் மதிப்பீட்டாளர் பிளானில் இல்லாத அறைக்கு விலை போடத் தயங்குவார். தீக்காப்புறுதி வைத்திருந்தால் அந்த நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

இனி அந்த 32,000 வெள்ளிக்கு வருவோம். எனக்கு அதிகக் கவலை தந்தது இந்த எண்தான். அதில் இருக்கக்கூடாதவை இருக்கின்றன, இருக்க வேண்டியவை இல்லை.

நம் நாட்டுக் கட்டட விதிகள் 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களில் இருக்கின்றன. கராஜுக்கு 2 மீட்டர் உயரம் போதும் என்று சொல்லும் அதே விதி, படுக்கையறைக்குக் குறைந்தது 2.5 மீட்டர் கேட்கிறது. அதாவது ஏறக்குறைய 8 அடி 2½ அங்குலம் வேண்டும். நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலில் ஏழரை அடியில் சீலிங் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் கூரையை உயர்த்தாமல் அது சட்டப்படி அறையாகாது. கூரையை உயர்த்தும் செலவு பட்டியலில் எங்குமே இல்லை. வேலை பாதியில் நிற்கும்போது "கூடுதலாக ஒரு ஐயாயிரம் ஆகும்" என்று கேட்கப்போவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

அடுத்தது காற்றும் வெளிச்சமும். தரைப் பரப்பில் 10 விழுக்காடு ஜன்னலாக இருக்க வேண்டும், 5 விழுக்காடு காற்று தடையில்லாமல் வரும் திறப்பாக இருக்க வேண்டும். உங்கள் கராஜ் 200 சதுர அடி. குளியலறைக்கு 40 போனால் அறைக்கு 160. அப்படியானால் 16 சதுர அடி ஜன்னலும் அதில் 8 சதுர அடி திறப்பும் வேண்டும். 4 அடிக்கு 4 அடியில் பாதி திறக்கும் சறுக்கு ஜன்னல் வைத்தால் கணக்கு சரியாக வருவதுபோல் தெரியும், ஆனால் ஜன்னல் சட்டகத்தின் கனத்தைக் கழித்தால் குறைந்துவிடும். 5 அடிக்கு 4 அடி வையுங்கள். பட்டியலில் 3 அடிக்கு 3 அடி ஜன்னல் ஒன்றுதான் போட்டிருக்கிறார். தகரக் கூரைக்குக் கீழே, பிற்பகல் வெயிலில், அந்த ஜன்னலோடு ஒரு வயதான அம்மாவைப் படுக்க வைக்க முடியுமா? இந்த விதி காகிதத்துக்காக எழுதப்பட்டது இல்லை, சகோதரி. தோட்டத்து லயங்களில் காற்றோட்டம் இல்லாத அறைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பரப்பளவில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. முதல் அறைக்கு 11 சதுர மீட்டர், இரண்டாவதற்கு 9.3, மற்ற அறைகளுக்கு 6.5 சதுர மீட்டர் என்பதுதான் குறைந்த அளவு. உங்கள் அறை கிட்டத்தட்ட 15 சதுர மீட்டர் வரும். குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்ததற்கு 2 சதுர மீட்டர் போதும் என்கிறது விதி. நீங்கள் அந்த 40 சதுர அடியைக் குறைக்காதீர்கள். முட்டி வலிக்காரர் திரும்பவும், பிடித்துக்கொண்டு உட்காரவும், நாளை யாராவது கூட நின்று குளிப்பாட்டவும் இடம் வேண்டும். படி இல்லாத தரை, அகலமான கதவு, சுவரில் உறுதியான கைப்பிடி ஆகியவற்றைக் கட்டும்போதே சொல்லிவிட்டால் செலவு கொஞ்சம்தான். பிறகு உடைத்துச் செய்தால் அதிகம்.

தரையைப் பற்றியும் பட்டியலில் ஒரு வரி இல்லை. கராஜ் தரை தண்ணீர் வெளியே ஓடுவதற்காகச் சாய்வாகப் போடப்பட்டிருக்கும். அதைச் சமப்படுத்தி, ஈரம் மேலே ஏறாமல் தடுப்பு போட்டு, வாசலில் மழைநீர் உள்ளே வராதபடி உயர்த்த வேண்டும். புதிய கழிப்பறையின் கழிவு எங்கே போய்ச் சேரும் என்பதும் எழுதப்படவில்லை. முறையான கழிவுநீர்க் குழாயோடோ தொட்டியோடோ இணைக்க வேண்டும். பக்கத்து மழைக்கால்வாயில் விடுவதாகச் சொன்னால் அந்த ஆளை அன்றே விட்டுவிடுங்கள்.

சரி, கணக்கு. 32,000இல் அடுக்கடுக்கான அலங்கார சீலிங்குக்காக ஏறிய 2,300, ஏர்கோன் 1,900, சுவரோடு சேர்ந்த அலமாரி 4,300, ஆட்டோ கேட் 3,500 ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். 12,000 குறையும். ஏர்கோன் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம், பெரிய ஜன்னலை அப்படி மாட்ட முடியாது. மீதி 20,000. கூரையை உயர்த்துவது, வெப்பத் தடுப்பு, தரை, கழிவுநீர் இணைப்பு, பிளான் வரைபவரின் கட்டணம், நகராண்மைக் கழகக் கட்டணம் எல்லாவற்றுக்கும் இப்போதைக்கு 6,000 என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது நான் போட்டுக்கொண்ட இடைக்கால எண். எழுத்தில் விலை வந்ததும் அதை மாற்றுங்கள். ஆக 26,000.

இதற்கு 20,000 வெள்ளி கடன் வேண்டாம். அவர்கள் சொல்லும் 6 விழுக்காடு முழுத் தொகைக்கும் ஐந்து ஆண்டும் போடும் நிலை வட்டி. வட்டி மட்டும் 6,000, மாதத் தவணை 433 வெள்ளி. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி குறைவதில்லை என்பதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 10.9 விழுக்காடு. உங்களுக்கு மாதம் மிஞ்சுவது 450. தவணை போனால் 17 வெள்ளிதான் மிச்சம். லாரி பட்டறையில் ஒரு வாரம் நின்றால் என்ன செய்வீர்கள்?

சங்கிலியும் வேண்டாம். அடகுக் கடைகள் மாதத்துக்கு 2 விழுக்காடு வரை வட்டி வாங்கச் சட்டம் இடம் தருகிறது. 8,000 வெள்ளிக்கு மாதம் 160. மீட்க ஆறு மாதத் தவணை, அதற்குள் வட்டி மட்டும் 960 ஆகிவிடும். அடுத்த வாரமே மீட்டுவிடும் அவசரத்துக்கு அடகு சரி, கட்டட வேலைக்குச் சரிப்படாது. தெருவில் யாராவது கூட்டு (ஏலச் சீட்டு) சேரச் சொல்லி, முதல் ஏலத்தை உங்களுக்கே தருவதாகச் சொன்னாலும் போகாதீர்கள். கூட்டு நடத்தும் தொழிலை 1971ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்துவிட்டது. பணத்தோடு ஆள் போனால் கேட்பதற்கு இடமில்லை.

சேமநிதியில் வீடு வாங்கவும் கட்டவும் வீட்டுக்கடனைக் குறைக்கவும் பணம் எடுக்கலாம். இருக்கும் வீட்டைப் புதுப்பிக்க அந்த வழியில் எடுக்க முடியாது. 2024 மே மாதம் தொடங்கிய ஃபிளெக்ஸிபல் கணக்கில் இருப்பதை மட்டும் எதற்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. உங்கள் வைப்புத்தொகை அவ்வளவு தந்திருக்காது. அதனால் முதலில் வைப்புத்தொகை, கடைசியில்தான் சேமநிதி.

18,000இல் 6,000ஐத் தொடாதீர்கள், அது அவசரத்துக்கு. 12,000 எடுங்கள். அனுமதி வரும்வரை எப்படியும் மாதங்கள் ஓடும். அதில் ஆறு மாதம் 450 சேர்த்தால் 2,700. அப்புறம், உங்கள் கடிதத்தின் கடைசியில் கிள்ளானில் ஓர் அண்ணன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கு 3,000 தரட்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் உழைப்பை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள், செங்கல்லுக்கான செலவைப் பகிர்ந்துகொள்ளச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். அறை கட்டிய பிறகு கேட்டால் கிடைப்பது சிரமம், இப்போதே கேளுங்கள். இதுவரை 20,700. இன்னும் 5,300 வேண்டும்.

அம்மாவின் 15,000 முழுவதையும் வாங்காதீர்கள். இத்தனை ஆண்டு மரம் வெட்டிச் சேர்த்த பணம் அவர் கையில் இருக்கும்வரை அவர் உங்கள் வீட்டில் யாரிடமும் எதற்கும் கை நீட்ட வேண்டியதில்லை. மருத்துவத்துக்கும், பேரப்பிள்ளைக்கு ஒரு தீபாவளிச் சட்டை எடுத்துக் கொடுக்கவும் அது அவரிடமே இருக்க வேண்டும். ஆனால் ஒன்றுமே வாங்க மாட்டேன் என்றால் அவருக்கு வருத்தமாக இருக்கும். 3,000 வாங்கிக்கொள்ளுங்கள், உடன்பிறந்தவர்களுக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். மீதி 2,300 ஃபிளெக்ஸிபல் கணக்கிலிருந்து. 26,000 கடன் இல்லாமல் நிறைந்துவிட்டது. உண்மையான விலை இதைத் தாண்டினால் வேலையைக் குறையுங்கள், கடன் பக்கம் போகாதீர்கள்.

நகராண்மைக் கழகம் அங்கே அறை கட்ட முடியாது என்று சொல்லிவிட்டால்? பையன்கள் ஒரே அறையில்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். மகள் படிவம் 5 முடிக்கப்போகிறாள், படிவம் 6 அல்லது மேற்படிப்பு என்று வெளியூர் போகவும் கூடும். குளியலறைக்கு அருகில் இருக்கும் அறையை அம்மாவுக்கும் மகளுக்குமாகக் கொடுத்து, இருக்கும் குளியலறையில் கைப்பிடியும் உட்காரும் கழிப்பறையும் வைத்து, கதவை அகலப்படுத்திவிட்டால் சில ஆயிரங்களில் முடியும். உண்மையைச் சொன்னால், அனுமதி கிடைத்தாலும் இதை ஒருமுறை அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். லயத்தில் எல்லாரோடும் புழங்கியவர், பக்கவாட்டில் தனி அறையில் படுக்க விரும்புவாரா என்று அவர்தான் சொல்ல வேண்டும். பின்னாளில் அந்த அறையை வாடகைக்கு விடலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வருமானத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அங்கே அறை கட்டலாம் என்று நகராண்மைக் கழகம் சொன்னால், மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற்ற பிளான் வரைபவர் மூலம் விண்ணப்பம் போடுங்கள். குத்தகையாளர் சிஐடிபி எனப்படும் கட்டுமானத் துறை மேம்பாட்டு வாரியத்தில் பதிந்தவரா என்று அதன் இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். வயரிங் வேலைக்கும் பதிவு பெற்ற ஆள் வேண்டும், குளியலறை ஹீட்டருக்குத் தனியான மின்கசிவுத் துண்டிப்பான் போடச் சொல்லுங்கள். முன்பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். தரை முடிந்ததும், சுவரும் கூரையும் முடிந்ததும், குளியலறை முடிந்ததும் என்று பிரித்துக் கொடுங்கள். கடைசி பத்தில் ஒரு பங்கை, ஒரு பெருமழை பெய்து ஒழுகல் இல்லை என்று பார்த்து, நகராண்மைக் கழகத்தின் காகித வேலையும் முடிந்த பிறகு கொடுத்தால் போதும். இதை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மாட்டேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.