டி-ரெக் சதவீதம் ஏறிவிட்டால் மாற்று உறுப்பை உடல் ஏற்றுக்கொண்டதாகுமா?

ஆய்வு மாணவர் ஒருவரின் கேள்வி: "சுண்டெலிகளுக்கு இதய மாற்று செய்து ஆன்டி-தைமோசைட் குளோபுலினும் டாக்ரோலிமஸும் கொடுக்கிறோம். 14-ஆம் நாள் இரத்தத்தில், சிடி4 செல்களில் டி-ரெக் 5 சதவீதத்திலிருந்து 12 ஆகியிருக்கிறது. உறுப்பை உடல் ஏற்றுக்கொண்டது என்று எழுதலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். டி-ரெக் என்பது நோயெதிர்ப்புத் தாக்குதலை அடக்கும் டி செல், சிடி4 எனப்படும் வெள்ளையணு வகையில் ஒரு சிறு பகுதி. குளோபுலின் டி செல்களை அழிக்கும் மருந்து, டாக்ரோலிமஸ் அவற்றை அடக்கும் மருந்து. முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்துக்கு முன் ஒரு மைக்ரோலிட்டரில் 1000 சிடி4 செல்கள் என்று வைத்துக்கொண்டால் 5 சதவீதம் என்பது 50 டி-ரெக். குளோபுலின் சிடி4-ஐ 200-க்கு இறக்கிவிட்டது என்றால் 12 சதவீதம் வெறும் 24தான். பாதிக்கும் கீழே போனது உங்கள் வரைபடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதாகத் தெரியும். சுற்றியிருந்த மற்ற செல்கள் இன்னும் வேகமாக அழிந்தன, அவ்வளவுதான். அடுத்த முறை செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி குழாயில், எண்ணிக்கை தெரிந்த மணிகளைச் சேர்த்து முழு எண்ணிக்கையை எடுங்கள். செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி25 என்ற புரதத்தை மட்டும் நம்பி டி-ரெக் என்று குறித்திருந்தால் அதுவும் தப்பு, ஏனென்றால் உறுப்பைத் தாக்கக் கிளம்பிய செல்களும் அதை ஏற்றிக்கொள்ளும். டி-ரெக்கின் அடையாளப் புரதமான ஃபாக்ஸ்பி3-க்கான சாயமும் வேண்டும்.

டாக்ரோலிமஸ் கால்சிநியூரின் என்ற நொதியைத் தடுத்து, டி செல்கள் பெருக உதவும் ஐஎல்-2 என்ற சமிக்ஞைப் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது. டி-ரெக் ஐஎல்-2-ஐத் தானே தயாரிப்பதில்லை, மற்ற செல்கள் சுரப்பதை வைத்துத்தான் பிழைக்கிறது. ஆக இந்த மருந்து அதற்குத் தோழன் இல்லை (அந்த விஷயத்தில் ராபமைசின் என்ற மருந்து பரவாயில்லை).

அப்புறம், 14-ஆம் நாள் படம் ஒன்று போதாது. செல்கள் காலியான இடத்தில் மிஞ்சியவை வேகமாகப் பெருகும், பெருகும்போது நினைவு செல்களின் (ஏற்கெனவே ஒருமுறை தூண்டப்பட்டு, மறுமுறை சட்டென்று தாக்கும் செல்கள்) குணத்தைப் பெற்றுவிடும், அவற்றை அடக்குவது சிரமம். அதனால் வாராவாரம் எடுங்கள். இதயத்தைப் பெறும் எலியின் அதே இனக்கலப்பில்லாத வகையிலிருந்து எடுத்த இதயத்தைப் பொருத்தி இதே மருந்துகளைக் கொடுத்த ஒரு குழுவும் ஒப்பிட இருக்கட்டும். ஏனென்றால் அறுவைசிகிச்சையின் அழுத்தம் மட்டுமே லிம்போசைட்டைக் (டி செல்கள் அடங்கிய வெள்ளையணு வகை) குறைத்துவிடும். உடலின் லிம்போசைட்டுகளில் சுமார் 2 சதவீதம்தான் இரத்தத்தில் ஓடுகிறது, மண்ணீரலையும் பொருத்திய இதயத்தையும் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

உண்மையான சோதனை வேறு. மருந்தை நிறுத்திவிட்டுத் தினமும் வயிற்றில் விரல் வைத்து அந்த இதயத் துடிப்பைத் தொட்டுப் பாருங்கள் (சுண்டெலியில் மாற்று இதயத்தை வழக்கமாக வயிற்றுக்குள்தான் பொருத்துவார்கள்). பல வாரம் கழித்தும் துடித்தால், கொடையாளி வகையின் தோலையும் வேறொரு வகையின் தோலையும் ஒட்டுங்கள். முதலாவது நிலைத்து, இரண்டாவது உதிர்ந்தால் அப்போது எழுதுங்கள்.