சின்னம்மாவிடம் கேட்டீரா?

கேள்வி: எனக்கு வயது 23. யாழ்ப்பாண நகரத்தின் பிரச்சினைகளை ஆட்களைக் காட்டாமல் படமெடுத்துக் கண்காட்சி வைக்க ஆசை. கமராவைக் கண்டால் சனம் ஏசுகிறது; அவர்களின் மானத்தையும் காப்பாற்ற வேண்டுமே. (கமரா, கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பியது.) குப்பை வாய்க்கால், பூட்டிய வீடுகள் எல்லாம் எடுத்துவிட்டேன். நல்லாக வந்தது, நுண்கடன் காசு சேர்க்கிற நாளில் சின்னம்மா வீட்டு வாசலில் கிடந்த பெண்களின் செருப்புகள். படலைக்கு வெளியே நின்று எடுத்தேன், சின்னம்மாவுக்குத் தெரியாது. ஆனால் பார்க்கிறவர்கள் "செருப்புக்கடையா?" என்கிறார்கள். ஆளில்லாத படத்துக்கு எப்படி உயிர் கொடுப்பது?

பதில்: தம்பி, "சின்னம்மாவுக்குத் தெரியாது" என்பதை ஒரு மூலையில் எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறீர். நான் தாண்டப் போவதில்லை.

முகம் தெரியாவிட்டால் மானம் போகாது என்று யார் சொன்னது? அது யாருடைய படலை, அந்தத் தைத்த வார்ச் செருப்பு யாருடையது என்று ஒழுங்கையில் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குழுக் கடன் நடக்கிற விதமும் தெரியும்: ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், காசு சேரும்வரை எல்லாரும் விறாந்தையில் இருக்க வேண்டும். ஊர்க்காரர் உம்முடைய படத்தில் செருப்பையா பார்ப்பார்? இந்தக் கிழமை கட்டாதவள் யார் என்று கணக்குப் பார்ப்பார். சனம் ஏசும் என்று பயந்து, ஏச முடியாத இடத்தில் ஒளித்து நின்று எடுத்திருக்கிறீர். இதில் மரியாதை எங்கே இருக்கிறது?

ஆளில்லாத படம் பேசும், அதில் சந்தேகமில்லை. 1855 இல் கிரைமியப் போருக்குப் போன பிரித்தானியப் படப்பிடிப்பாளர் ரோஜர் ஃபென்டன், பீரங்கிக் குண்டுகள் சிதறிக் கிடந்த வெறும் பாதையை எடுத்தார். ஒரு பிணம்கூட இல்லை. (அந்தக் குண்டுகளை யாரோ பாதையில் எடுத்துப் போட்டார்கள் என்றொரு வாதமும் உண்டு. நீர் செருப்பைக் காலால் தள்ளி அழகு பார்க்க வேண்டாம்.) ஃபென்டன் எடுத்தது எந்த இடம், அங்கே என்ன நடந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. உம்முடைய படத்துக்குக் கீழே எழுத உம்மிடம் என்ன இருக்கிறது? சின்னம்மாவின் கடன் எவ்வளவு, கூரைக்கு எடுத்ததா, பிள்ளையின் படிப்புக்கா? வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுவதாக 2018 இல் அரசாங்கம் அறிவித்ததே, அதில் அவருக்கு ஏதும் கிடைத்ததா? சொந்தச் சின்னம்மா, ஒன்றும் கேட்கவில்லை.

பூட்டிய வீடுகளும் அப்படித்தான். முஸ்லிம் சனம் வாழ்ந்த சோனகதெருவில் இடிந்த சுவரைப் படமெடுப்பது லேசு. 1990 ஒக்டோபரில் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் குடும்பங்களில் பல இன்னும் புத்தளத்தில் இருக்கின்றன. வீட்டுக்காரரைத் தேடி நாலு வார்த்தை கதையும்.

முதலில் சின்னம்மாவிடம் போம், கமரா இல்லாமல். படத்தை போனில் காட்டும். வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிடும்; கலை, விழிப்புணர்வு என்று அவரோடு வாதாடாதேயும். சரி என்றால் மற்றப் பெண்களையும் அவரே கேட்கட்டும். பிறகு படலையும் மதிலும் படத்தில் விழாமல் கிட்டப் போய்த் திரும்ப எடும்.

அண்ணாவுக்கு இந்தக் கடன் தெரியுமா? குடும்பத்தில் ஒருத்தி கிழமைக்குக் கிழமை விறாந்தையில் தலைகுனிந்து இருக்க, அதைச் சுவரில் மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சின்னம்மா சம்மதித்தால் அண்ணாவுக்கு நீரே போன் எடும். புது லென்ஸ் பற்றி அன்றைக்கு வாய் திறக்க வேண்டாம்.