ரப்பர் விளையை விற்றுத்தான் ஏ.ஐ. படிக்க வேண்டுமா?

குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மா, மகன் பிளஸ் 2 முடித்துவிட்டான், ஏ.ஐ. படிக்கும் கம்ப்யூட்டர் சீட்டுக்காக ரப்பர் விளையில் (தோட்டத்தில்) பாதிக்கு விலை பேசியாகிவிட்டது, "சிவில் படிச்சா சாந்துச் சட்டிதான்" என்று மஸ்கட் மாமா சொல்கிறார் என்கிறீர்கள். பயம் நியாயம்தான். விளையை மட்டும் விற்காதீர்கள். ஃபீஸ் கட்டப்போவது மாமா இல்லை. சித்தப்பாவின் வேலை நடக்கும் இடத்தில் பையன் தேங்காய்த் தும்பு நாரை வெட்டி கான்கிரீட்டில் கலந்து "விளையாடுகிறான்" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நான் இரண்டு முறை படித்தது அதைத்தான்.

அந்த விளையாட்டுக்குப் பெயர் கான்கிரீட் தரப் பரிசோதனை. நம் கடலோரத்தில் அதற்கு வேலை தீராது. உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருவேறிப் பருத்து கான்கிரீட்டைப் பிளந்துவிடும். அதனால்தான் கடலோரக் கம்பி கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரம் (28 நாளில் 30 மெகாபாஸ்கல் அமுக்கு பலம்), தண்ணீர் சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கட்டுப்படுத்துகிறது. ஓ.பி.சி. என்னும் சாம்பல் கலக்காத சாதாரண சிமென்டில் கால் பங்கைக் குறைத்து அனல்மின் நிலையச் சாம்பலைப் போட்டால், சிமென்ட் வெளிவிடும் சுண்ணாம்போடு சாம்பல் சேர்ந்து துளைகளை அடைக்கும். ஆனால் 7 நாள் பலம் குறைவாகத்தான் காட்டும்; 28, 56 நாளில்தான் தேறும். நனைப்பதை நாலாம் நாளே நிறுத்தினால் எல்லாம் வீண். பி.பி.சி. என்னும் கலப்பு சிமென்ட் மூட்டையில் சாம்பல் ஏற்கெனவே இருக்கிறது, அதில் மறுபடி கொட்டக்கூடாது.

தும்பு வேறு கதை. பச்சையாகப் போட்டால் அதன் கறை சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். ஊறவைத்து, கறை போகக் கழுவி, காயவைத்து, 2 அல்லது 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டட்டும். முதல் முயற்சிக்கு 50 கிலோ சிமென்டுக்கு 250 கிராம் போதும். கலவை சுற்றும்போது தூவித் தூவிப் போடவேண்டும். மொத்தமாகப் போட்டால் உருண்டை கட்டி, உள்ளே பொந்து விழும். தும்பு தண்ணீரைக் குடிப்பதால் கலவை கெட்டியாகத் தெரியும். உடனே தண்ணீர் ஊற்ற வாளியைத் தூக்கக்கூடாது. தும்பால் அமுக்கு பலம் பெரிதாக அதிகரிக்காது. வெடிப்பு விழுந்த பிறகும் துண்டுகளைப் பிடித்து நிறுத்துவதுதான் தும்பின் வேலை. சிமென்டின் காரம் நாளடைவில் நாரை அரிக்கும். ஆகவே நடைபாதைக் கல்லில் பார்க்கட்டும், வீட்டு மாடியில் வேண்டவே வேண்டாம்.

தும்பில்லாமல் ஆறு, தும்போடு ஆறு என்று 150 மி.மீ. கான்கிரீட் கனசதுரக் கட்டைகள் வார்த்து, மும்மூன்றாக 7, 28 நாளில் உடைக்க வேண்டும். 28ஆம் நாள் 675 கிலோநியூட்டன் அழுத்தத்தில் உடைந்தால் பலம் 30 மெகாபாஸ்கல். மூன்றில் ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தத் தொகுதியே செல்லாது.

இதைப் படிக்க விளை போகவேண்டியதில்லை. நாகர்கோவில் கோணம் அரசு பாலிடெக்னிக் போன்ற இடத்தில், பிளஸ் 2 கணிதப் பிரிவுக்காரர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சிவில் இருக்கிறதா, சேர்க்கை எப்போது என்று இந்த வாரமே கேளுங்கள். பிறகு பி.இ. வேண்டுமென்றால் அங்கும் நேரே இரண்டாம் ஆண்டு. மொத்தம் ஒரு வருடம் கூடும், உண்மைதான். ஆனால் ரெடிமிக்ஸ் ஆலை, பரிசோதனைக்கூடம், பிரீகாஸ்ட் (முன்கூட்டியே வார்க்கும்) களம் என்று வேலைக்கு நுழைய டிப்ளமோவே போதும். தொடக்கச் சம்பளம் சிறிது, தூசி நிறைய. அதைப் பையனிடம் மறைக்காதீர்கள்.

விளைக்கு முன்பணம் வாங்கியிருந்தால், கட்டைகளுக்கு 28 நாள் ஆகும்வரை கிரயத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். உடைக்கும் நாளில் மாமாவையும் வீடியோ காலில் கூப்பிடுங்கள்.